மதராஸுக்கு வந்த மார்மன்கள்: ஒரு மாநாடு, இரண்டு செய்திகள்

அமெரிக்காவின் மார்மன் சபை மாநாட்டுக்கும் நம்ம வடசென்னைக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது கேட்டிருந்தால், ஒண்ணும் இல்லைன்னுதான் நானும் சொல்லியிருப்பேன். அந்த சபையின் பழைய மிஷன் வரலாற்றைப் படிக்கும்போதுதான் தெரிந்தது, 1853-ல் மூன்று மார்மன் ஊழியர்கள் நம்ம கடற்கரையில் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒரு மாநாடு அவர்களை இங்கே அனுப்பியது. அதே மாநாடு வெளியிட்ட இன்னொரு அறிவிப்பு, இங்கே அவர்கள் காலை வாரிவிட்டது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. சபையின் முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. "மார்மன்" என்பது ஊர் வைத்த பெயர். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சபையே இப்போது கேட்டுக்கொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டைப் பற்றிப் பேசுவதாலும், எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதாலும் இங்கே பழைய பெயரையே எழுதுகிறேன்.

மாநாடு என்றால் என்ன?

1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் இந்த சபையைத் தொடங்கினார். தேவன் பழைய காலத்தில் தீர்க்கதரிசிகளோடு பேசியது போல இன்றும் பேசுகிறார், சபையின் தலைவரே இன்றைய தீர்க்கதரிசி என்பது அவர்கள் நம்பிக்கை. 1844-ல் ஒரு கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. பிறகு பிரிகாம் யங் என்பவர் தலைமையில் பெரும்பகுதியினர் மேற்கே போய் 1847-ல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள்.

வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், பொது மாநாடு கூடும். தலைவர்கள் பேசுவார்கள். பிறகு தலைவர்களின் பெயர்களையும் முக்கியமான முடிவுகளையும் சபையார் முன் வைத்து, "ஆதரிப்பவர்கள் வலது கையை உயர்த்துங்கள்" என்று கேட்பார்கள். அடுத்து, "எதிர்ப்பவர்கள் இருந்தால் அவர்களும் உயர்த்தலாம்". இந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயமாகவே பெரும்பாலும் போய்விடும். ஆனால் எப்போதும் அப்படி இல்லை. 2015 ஏப்ரல் மாநாட்டில் சிலர் எழுந்து "எதிர்க்கிறோம்" என்று குரல் கொடுத்தார்கள்.

மேடையில் பேசுபவரை தீர்க்கதரிசி என்று நம்புகிறவர்களுக்கு, அவர் சொல்வது வெறும் கட்சித் தீர்மானம் கிடையாது. பிடித்தால் ஏற்று, பிடிக்காவிட்டால் விட்டுவிட முடியாது. அதனால்தான் அங்கே எதிர்வினைகளும் கனமாக இருக்கின்றன. சிலர் மகிழ்கிறார்கள், சிலர் அழுகிறார்கள், சிலர் கையை உயர்த்தாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

1852 ஆகஸ்ட்: இரண்டு நாள், இரண்டு அறிவிப்பு

வழக்கமாக அக்டோபரில் கூட வேண்டிய மாநாட்டை 1852-ல் ஆகஸ்ட் மாதமே கூட்டினார்கள். வெளிநாடு போகும் ஊழியர்கள் பனிக்காலத்துக்கு முன் மலைகளைத் தாண்ட வேண்டும் என்பது காரணம். ஆகஸ்ட் 28-ஆம் தேதி சுமார் நூறு பேரின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. யார் எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியல். முன்கூட்டியே விருப்பம் கேட்பதெல்லாம் கிடையாது. பெயர் வந்தால் போக வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் இந்தியாவுக்கு ஒன்பது பேர், சயாமுக்கு நான்கு பேர்.

மறுநாள், 29-ஆம் தேதி, ஆர்சன் பிராட் என்ற தலைவர் மேடையேறி, ஒரு ஆண் பல பெண்களை மணப்பது சபையின் கோட்பாடு என்று முதன்முறையாக வெளிப்படையாக அறிவித்தார். 1843-லேயே ஜோசப் ஸ்மித் பெற்றதாகச் சொல்லப்பட்ட வெளிப்பாடு அன்று வாசிக்கப்பட்டது.

முந்தின நாள் "உலகம் முழுக்கப் போய் சொல்லுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களின் கையில், மறுநாள் இந்தச் செய்தியும் சேர்ந்துவிட்டது.

சால்ட் லேக்கில் இருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை. பக்கத்து வீட்டில் நடப்பது தெரியாமலா இருக்கும்? அதிர்ச்சி கடல் தாண்டி இருந்தவர்களுக்கு. அப்போது பிரிட்டனில் மட்டும் 30,000-க்கு மேல் மார்மன்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அதுவரை சொல்லப்பட்டது வேற. 1835-ல் அச்சான சபையின் கோட்பாட்டு நூலில், ஒரு ஆணுக்கு ஒரு மனைவி என்ற அறிக்கை இருந்தது. அது 1876 வரை அந்த நூலிலிருந்து நீக்கப்படவே இல்லை. 1850-ல் பிரான்ஸின் பூலோன் நகரில் நடந்த பொது விவாதத்தில் ஜான் டெய்லர் என்ற அப்போஸ்தலர், பலதார மணம் பற்றிய குற்றச்சாட்டை மறுத்துப் பேசினார். அப்போது அவருக்கே பல மனைவிகள் இருந்தார்கள்.

இதை மனதில் வையுங்கள். கடல் தாண்டி இருந்த விசுவாசிக்கு வலித்தது கோட்பாடு மட்டும் இல்லை. நேற்றுவரை "அப்படியெல்லாம் இல்லை, எதிரிகள் கட்டிவிட்ட கதை" என்று அக்கம்பக்கத்தாரிடம் சண்டை போட்டவர் அவர். ஊர் சொன்னது நிஜம், தன் சபை சொன்னதுதான் நிஜம் இல்லை என்று இப்போது அவருக்குத் தெரியவருகிறது.

இந்தியாவில் ஏற்கெனவே இருந்தவர்கள்

1852-க்கு முன்பே இந்தியாவில் மார்மன்கள் இருந்தார்கள். இத்தாலியில் ஊழியத்தில் இருந்த லொரென்சோ ஸ்னோ என்ற அப்போஸ்தலர் கிழக்கே ஆள் அனுப்ப முடிவு செய்தார். 1851-ல் ஜோசப் ரிச்சர்ட்ஸ் கல்கத்தாவுக்கு வந்து சில ஐரோப்பியர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்களில் ஒருவர் மாத்யூ மெக்யூன், கம்பெனிப் படையில் பீரங்கிப் பிரிவுக்காரர். அடுத்து வில்லியம் வில்லெஸ் கல்கத்தாவுக்கும், ஹியூ ஃபின்ட்லே பம்பாய்க்கும் வந்தார்கள். வங்காளத்து ரயத்துகள், அதாவது குடியானவர்கள், நூற்றுக்கும் மேல் சபையில் சேர்ந்ததாக வில்லெஸ் எழுதினார். ஆனால் கொஞ்ச காலத்திலேயே அவர்கள் எல்லோரும் விலகிப்போனார்கள். பள்ளிக்கூடம், வேலை, பணம் என்று மற்ற மிஷன்கள் கொடுத்தது போல இவர்களும் கொடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. இவர்களோ கையில் காசில்லாமல் வந்தவர்கள்.

லொரென்சோ ஸ்னோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வருவார்.

மாநாட்டில் பெயர் வாசிக்கப்பட்ட 13 பேரும் தெற்குக் கலிஃபோர்னியா வழியாக சான் பிரான்சிஸ்கோ போய், 1853 ஜனவரி கடைசியில் "மான்சூன்" என்ற கப்பலில் ஏறினார்கள். ஏப்ரல் கடைசியில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். ஆனால் பலதார மண வெளிப்பாடு 1853 ஜனவரியிலேயே லிவர்பூலில் சபையின் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. சூயஸ் வழித் தபால் கல்கத்தாவுக்கு வர ஏறக்குறைய ஒன்றரை மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஊழியர்களுக்கு முன்பே செய்தி வந்து காத்திருக்க வாய்ப்பு நிறைய.

கல்கத்தாவில் கூடி யார் எங்கே போவது என்று பிரித்துக்கொண்டார்கள். மதராஸ், மூன்று பேருக்கு விழுந்தது: ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ்.

மதராஸ் கரை

பாலன்டைன் ஸ்காட்லாந்துக்காரர், பிரெஸ்பிட்டேரியன் குடும்பம். 1849 டிசம்பரில் சால்ட் லேக்கில் தன் வீட்டில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து சபையின் முதல் ஞாயிறு பள்ளியை அங்கே தொடங்கியவர். அந்த சபையில் இன்றும் அவர் பெயர் இதற்காகத்தான் சொல்லப்படுகிறது. மதராஸ் வந்தபோது வயது 35.

1853 ஜூலை கடைசியில் அவர்கள் வந்து சேர்ந்த மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. அந்த வேலை 1870களில்தான் ஆரம்பம். ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் வந்தது, அதாவது இவர்கள் வந்து மூன்று வருஷம் கழித்து. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில், அலையைக் கிழித்துக்கொண்டு ஆட்களைக் கரை சேர்ப்பது நம்ம படகோட்டிகளின் வேலை. அந்தப் படகோட்டிகளில் நிறைய பேர் ராயபுரத்துக் கத்தோலிக்கர்கள். ராயப்பர், அதாவது பேதுரு, பேரில்தான் ஊரே இருக்கிறது. கரையேறினால் எதிரே கறுப்பர் பட்டணம், இன்றைய ஜார்ஜ் டவுன். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகைக்குப் பிறகு அந்தப் பட்டணத்தைச் சுற்றி மதில் கட்டினார்கள். மதிலில் ஆங்காங்கே துருத்திக்கொண்டு நிற்கும் காவல் மேடைக்குக் கொத்தளம் என்று பெயர். வடமேற்கு மூலையில் இருந்த கொத்தளம்தான் நம்ம மூலக்கொத்தளம். மதில் போய்விட்டது, பேர் நின்றுவிட்டது.

அந்த மதிலுக்குள் கிறிஸ்தவத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆர்மீனியர் கோயில், கத்தோலிக்கப் பேராலயம், ஆங்கிலிகன் செயின்ட் மார்க்ஸ், பிராட்வேயில் வெஸ்லியன் சபை என்று எல்லாம் ஏற்கெனவே இருந்தன. புதிதாக வந்த மூன்று பேருக்குக் கட்டடம் இல்லை, சம்பளம் இல்லை, தமிழும் தெரியாது. அவர்கள் பேசியது ஆங்கிலத்தில், அச்சடித்த துண்டறிக்கைகளும் ஆங்கிலத்தில். அதனால் கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள், யூரேஷியர்கள், சிப்பாய்கள்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. "மார்மனிசம் என்றால் என்ன?" என்று ஒரு பாதிரியார் துண்டறிக்கை போட்டார். பாலன்டைன் அதற்கு மறுப்பு எழுதி, அதே 1853-ல் மதராஸிலேயே அச்சடித்தார். 1854-ல் ஒரு மாதப் பத்திரிகையும் கொண்டுவந்தார். அதே வருஷம் இன்னொரு துண்டறிக்கையும் வந்தது. "அ" என்பவரும் "ஆ" என்பவரும் பலதார மணம் பற்றிப் பேசிக்கொள்வதுபோல எழுதப்பட்ட உரையாடல் அது.

அந்தக் கடைசித் துண்டறிக்கையே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. ஒரு புது ஊருக்கு வந்து, மனந்திரும்புங்கள், ஞானஸ்நானம் பெறுங்கள் என்று சொல்ல வந்தவர், கடைசியில் பலதார மணத்துக்குத் தனிப் புத்தகம் போட வேண்டியதாகிவிட்டது. எங்கே போனாலும் அந்தக் கேள்விதான் வந்தது என்று இதற்கு அர்த்தம். அன்று பாலன்டைனுக்கு ஒரே ஒரு மனைவிதான். தான் அப்போது வாழாத ஒரு வாழ்க்கைக்காக வாதாடிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிய பிறகு மேலும் இருவரை மணந்தார்.

யாருக்கு அதிர்ச்சி?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1853-ல் மதராஸில் ஒரு இந்துவுக்கோ முஸ்லிமுக்கோ இரண்டு மனைவி இருந்தால் அது சட்டப்படி குற்றமே இல்லை. செட்டித் தெருக்களிலும் ஜமீன் வீடுகளிலும் ஆச்சரியமும் இல்லை. அதிர்ச்சி அடைந்தவர்கள், இவர்கள் யாரிடம் பேசப் போனார்களோ அவர்கள்தான். "பல மனைவி வைத்திருப்பது இந்த நாட்டார் பழக்கம், நாம் கிறிஸ்தவர்கள், நமக்கு ஒருத்திதான்" என்பது ஐரோப்பியர்களுக்கு ஒரு வேலி. யூரேஷியர்களுக்கு அந்த வேலி இன்னும் முக்கியம். ஐரோப்பிய சமூகத்தின் ஓரத்தில் நின்று, மரியாதைக்காக ஒவ்வொரு நாளும் போராடியவர்கள் அவர்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் அப்படித்தான். கிறிஸ்தவன் ஆவதன் அடையாளங்களில் ஒன்றாகவே ஒருதார மணத்தை மிஷனரிகள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்த வேலியை ஒரு கிறிஸ்தவ சபையே வந்து பிரித்துப்போட்டால் யார் உள்ளே வருவார்கள்?

ஆனால் ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் கட்டிவிடக் கூடாது. வங்காளத்து ரயத்துகள் விலகியது பலதார மண அறிவிப்பு இந்தியா வருவதற்கு முன்பே. பல கண்டோன்மெண்டுகளில் ராணுவ அதிகாரிகள் இவர்களை உள்ளே விடவில்லை. பூனாவில் ஃபின்ட்லேயும் இதில்தான் மாட்டினார். மொழி ஒரு தடை. இன்னொன்று, சேர்ந்தவர்கள் எல்லோரும் யூட்டாவுக்குக் குடிபெயர வேண்டும் என்று சபை அன்று எதிர்பார்த்தது. மதராஸில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா, குடும்பத்தோடு உலகத்தின் மறுபக்கம் போகக் கப்பல் கூலிக்கு எங்கே போவார்? பலதார மணச் செய்தி இத்தனைக்கும் மேல் வந்து விழுந்தது.

மதராஸில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் சொற்பம். உடம்பு முடியாமல் பாலன்டைன் 1854 ஜூலையில் கப்பல் ஏறிவிட்டார். ஸ்கெல்டன் தங்கினார். 1856 மே மாதம் அவரும் கல்கத்தாவிலிருந்து கிளம்பியதோடு அந்தக் கால இந்திய மிஷன் முடிந்தது.

ஆனாலும் சிலர் விலகவில்லை. மாத்யூ மெக்யூன் குடும்பம் அறிவிப்பைக் கேட்ட பிறகும் சபையிலேயே நின்றது, பிறகு யூட்டாவுக்கே போனது. கல்கத்தாவில் பிறந்த அவருடைய மகன் ஆல்ஃபிரட் மெக்யூன் அங்கே பெரிய சுரங்க முதலாளி ஆனார். சால்ட் லேக்கில் அவர் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது. ஒரே செய்தி. ஒரு வீடு அதைக் கேட்டுக் கதவைச் சாத்தியது, இன்னொரு வீடு மூட்டை கட்டிக்கொண்டு கடல் தாண்டியது.

நம்ம பக்கத்து உதாரணம் ஒன்று

மேலிடத்து அறிவிப்பால் விசுவாசிகள் இரண்டுபடுவது மார்மன்களுக்கு மட்டும் உரியது இல்லை. அதற்கு 20 வருஷம் முன்பு, 1833-ல், கல்கத்தா ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கடிதம் அனுப்பினார். அதுவரை பழைய லுத்தரன் மிஷனரிகள் தனித்தனி இருக்கைகளைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். மதராஸ் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலை விட்டு வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மிஷனரிகளுக்கு எதிராக எழுதினார். எங்கள் பழைய குருமார்கள் அனுமதித்தது இப்போது எப்படிப் பாவம் ஆகும் என்பதே அவர்கள் கேள்வி.

இந்த உதாரணத்தை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். சபை நம்மை ஏமாற்றிவிட்டது என்ற வலி உண்மையாக இருக்கலாம். அதனால் அந்தப் பழைய வழக்கம் நியாயம் என்று ஆகிவிடாது. வேப்பேரியில் வெளியேறியவர்களின் வலியைப் பேசும்போது, அதே கோயிலில் அதுவரை தனியே உட்கார வைக்கப்பட்டவர்களின் வலியையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர்களுக்கு வில்சனின் கடிதம் நற்செய்தி.

1890 அக்டோபர்: திரும்பிய சக்கரம்

மார்மன் கதைக்குத் திரும்புவோம். பலதார மணத்தை ஒழிக்க அமெரிக்க அரசு 1862, 1882, 1887 என்று அடுத்தடுத்துச் சட்டம் போட்டது. 1879-ல் ரெனால்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நம்பிக்கை உன் உரிமை, ஆனால் செயல் சட்டத்துக்கு உட்பட்டது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பில் நம்ம நாடும் வருகிறது. பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் பழக்கம் என்றும், மதத்தின் பேரில் ஒரு பெண் கணவன் சிதையில் எரிய நினைத்தால் அரசு தடுக்கக் கூடாதா என்றும் நீதிபதிகள் கேட்டார்கள். மதராஸில் ஐரோப்பியர்களைப் பதறவைத்த அதே வேலிதான் வாஷிங்டனிலும் வேலை செய்தது.

1880களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மார்மன் ஆண்கள் சிறைக்குப் போனார்கள். பெண்கள் ஊர் ஊராக ஒளிந்து, கணவன் பெயரைச் சொல்லாமல் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். சபைச் சொத்துகள் பறிமுதல் ஆகும் நிலை. 1890 செப்டம்பரில் தலைவர் வில்ஃபோர்டு உட்ரஃப், இனி இத்தகைய திருமணங்கள் வேண்டாம் என்று அறிக்கை வெளியிட்டார். அக்டோபர் 6-ஆம் தேதி அது பொது மாநாட்டின் முன் வாசிக்கப்பட்டது. அதை ஏற்கும்படி தீர்மானத்தை முன்மொழிந்தவர் லொரென்சோ ஸ்னோ. ஆமாம், 40 வருஷம் முன்பு இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு ஆள் அனுப்பிய அதே ஸ்னோ. இதே பலதார மணத்துக்காக 1886-ல் சிறைக்குப் போய் 11 மாதம் இருந்தவர்.

ஒருமனதாக நிறைவேறியது என்று பதிவேட்டில் இருக்கிறது. அங்கே இருந்தவர்களின் நாட்குறிப்புகளும் பிற்கால சாட்சியங்களும் வேறு மாதிரி சொல்கின்றன. நிறைய பேர் கையை உயர்த்தவே இல்லை, பலர் அழுதார்கள். 1852-ல் கடல் தாண்டி இருந்தவர்கள் பட்டதை, 1890-ல் உள்ளூர்க்காரர்கள் பட்டார்கள். முதல் முறை, "இல்லை" என்று சொல்லி வாதாடியவர்களிடம் "ஆமாம்" என்றார்கள். இரண்டாம் முறை, "ஆமாம்" என்று சொல்லிச் சிறைக்குப் போனவர்களிடம் "இனி இல்லை" என்றார்கள். நிம்மதி அடைந்தவர்களும் இருந்தார்கள். ஒளிந்து வாழ்ந்த எத்தனையோ பேருக்கு அது விடுதலை. ஏற்காத சிலர் பிற்காலத்தில் தனியே பிரிந்தார்கள். அவர்கள் வழிவந்த குழுக்களில் பலதார மணம் இன்றும் இருக்கிறது.

பாலன்டைன் 1898 வரை வாழ்ந்தார். மதராஸில் தான் அச்சடித்த வாதத்தை, தன் சபையே திரும்பப் பெற்றதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மதராஸில் மட்டும் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. மதராஸ் மாகாண இந்துக்களுக்குப் பலதார மணத்தைத் தடுத்த சட்டம் 1949-ல்தான். மார்மன்கள் நிறுத்தி 59 வருஷம் கழித்து.

இப்போது

ஸ்கெல்டன் போன பிறகு ரொம்ப காலம் தமிழ்நாட்டில் இந்த சபையின் பேச்சே இல்லை. 1950களில் கோயம்புத்தூர் சிமெண்ட் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்த்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவர், கைக்குக் கிடைத்த ஒரு துண்டறிக்கையைப் படித்து அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். 1960களில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அச்சடித்த தாள் என்றைக்கு யார் கையில் விழும் என்று சொல்ல முடியாது. 1978-க்குப் பிறகு ஹைதராபாத் வழியாக சபை மெல்ல வளர்ந்தது. 1993-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய மிஷன் தொடங்கியது.

இப்போது தபாலுக்காக ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டாம். சால்ட் லேக்கில் சனிக்கிழமை காலை 10 மணிக்கு மாநாடு தொடங்கினால் நமக்கு ராத்திரி 9:30. கைபேசியிலேயே பார்க்கலாம். 2018 ஏப்ரலில் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன், பெங்களூரில் ஆலயம் கட்டப்படும் என்று மாநாட்டில் அறிவித்தார். ஆலயத் திருமணத்துக்காக ஹாங்காங் மாதிரி ஊர்களுக்கு விமானச் சீட்டு வாங்கப் பணம் சேர்த்துவந்த இந்தியக் குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட செய்தியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே வருஷம் அக்டோபரில், "மார்மன்" என்ற பெயரை விடுங்கள் என்று அதே நெல்சன் மாநாட்டில் அழுத்திச் சொன்னார். அதற்குச் சில வருஷம் முன்புதான் சபையே "நான் ஒரு மார்மன்" என்று விளம்பரம் செய்திருந்தது. அந்த விளம்பரத்தில் பெருமையோடு முகம் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஓரினத் தம்பதிகளின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்ட 2015 விதி, 2019 ஏப்ரல் மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அந்த விதிக்காக சபையை விட்டுப் போனவர்களும் உண்டு, மனசாட்சிக்கு விரோதமாக அதைத் தாங்கிப் பேசியவர்களும் உண்டு.

இதையெல்லாம் வரிசையாகப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு மாநாட்டு அறிவிப்புக்கு விசுவாசிகள் எப்படி எதிர்வினை காட்டுவார்கள் என்பதைப் புதிய அறிவிப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய அறிவிப்புக்காக யார் எதைக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். நண்பர்களை இழந்தவர் ஒரு மாதிரி கேட்பார், சிறைக்குப் போனவர் ஒரு மாதிரி, ஒன்றும் கொடுக்காதவர் ஒரு மாதிரி. கையை உயர்த்தச் சொல்லும்போது, எல்லாக் கைகளும் ஒரே உயரம்தான் வரும். அதில் எது எவ்வளவு கனத்தது என்று மேடையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

மூலக்கொத்தளம் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள். இதே ஊரில், 1854-ல், ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தன் சபையின் முந்தாநாள் அறிவிப்புக்காக இராத்திரி பகலாக எழுதி அச்சடித்துக்கொண்டிருந்தார்.